மாப்பிள்ளை காரும் நூர்னிசாவின் முற்றமும்

ராஜபாளையத்தில் நூர்னிசாவுக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். நான்கு சக்கரம், இரண்டு உருண்டை விளக்கு, பாலாடை நிறத்தில் உடம்பு. காலையில் எழுந்ததும் அபுதாஹிர் முதலில் போய் முகம் பார்ப்பது அவளைத்தான். அதற்குப் பிறகுதான் மனைவியிடம் வந்து தேநீர் கேட்பார்.

அபுதாஹிரைப் பெற்ற அத்தா அறுபதுகளில் வாங்கிய அம்பாசிடர் கார் அது. பஜார் பக்கத்தில் அதற்கு 'மாப்பிள்ளை கார்' என்று பெயர். யார் வீட்டில் நிக்காஹ் என்றாலும் மாப்பிள்ளை பள்ளிவாசலுக்குப் போவது அதில்தான். செட்டியார்பட்டியிலிருந்து மெக்கானிக் பால்சாமியின் சொந்தக்காரர்கள்கூடக் கேட்டு வருவார்கள். அந்தக் காரில் ஏறி வந்த பெண் கண்கலங்க மாட்டாள் என்று எவரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

நூர்னிசா அதைக் கேட்கும்போதெல்லாம் உதட்டைப் பிதுக்குவாள். அவள் அந்தக் காரில் வந்தவள் இல்லை. வரத்தான் ஏறினாள். வத்திராயிருப்பில் நிக்காஹ் முடிந்து, முகத்தை மறைக்கும் பூச்சரத்தோடு பின்சீட்டில் அமர்ந்து, அம்மாவைப் பார்த்து அழுது முடிப்பதற்குள் கிருஷ்ணன்கோவில் வந்தது. கார் புகையைக் கக்கிவிட்டு நின்றது. மாப்பிள்ளை பட்டுச் சட்டையோடு பானெட்டுக்குள் தலையை விட்டார். விட்டவர் வெளியே எடுக்கவே இல்லை. கடைசியில் மாமியார் மதுரையிலிருந்து வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்தார். "கல்யாணப் பொண்ணுக்கு டிக்கெட் வேண்டாம்" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. பூச்சரத்துக்குள் நூர்னிசா பல்லைக் கடித்தாள். அன்றைக்குக் கடித்த பல் அது, இன்றுவரை சரியாக விடவில்லை.

ஒரே ஒரு முறை அந்தக் கார் அவள் வயிற்றில் பால் வார்த்தது. கொரோனா காலத்தில் அபுதாஹிர் மூச்சு விட முடியாமல் கிடந்தபோது, கேட்ட வண்டி எதுவும் வரவில்லை. மெக்கானிக் பால்சாமிதான் வந்தான். முகத்தில் ஒரு பேண்டேஜ் துணியைச் சுற்றிக்கொண்டு, "அக்கா, மாமாவ ஏத்துங்க" என்று பின்சீட்டில் படுக்க வைத்து, மதுரைவரை நிறுத்தாமல் ஓட்டினான். கார் ஒரு இருமல்கூட இருமவில்லை. அபுதாஹிர் பிழைத்து வந்தார். அதற்காக ஒரு மாதம் நூர்னிசா காரைத் திட்டவில்லை. அதற்கடுத்த மாதம் அது மறுபடியும் முற்றத்தில் சொட்டியது. அவளும் மறுபடியும் ஆரம்பித்தாள்.

அந்த முற்றம்தான் அவளுடைய உயிர். மகள் அல்ஃபியாவின் கல்யாணத்துக்காக வெள்ளைக் கல் பதித்த முற்றம். அல்ஃபியா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாழப் போன பிறகு வீட்டில் நூர்னிசாவுக்கு என்று மிஞ்சியது அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு தெருப் பெண்கள் பாய் விரித்து அங்கே உட்கார்ந்து ஓதுவார்கள். ஒருநாள் ஓதி முடித்து எழுந்தபோது, அடுத்த வீட்டு ஃபரீதாவின் வெள்ளைத் துப்பட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் கறை.

"பரவாயில்ல நூர்னிசா, வீடுன்னா நாலும் இருக்கும்" என்றாள் ஃபரீதா. இந்தப் 'பரவாயில்ல' இருக்கிறதே, அது செருப்படியைவிடக் கொடியது!

அன்று மாலை நூர்னிசா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையோடு தரையாகக் குனிந்தாள். எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து கீழே இறங்கிய ஒரு குழாயின் நுனியில் கறுப்புச் சொட்டு ஒன்று கனத்துக்கொண்டிருந்தது. விஷயம் இவ்வளவுதானா?

அபுதாஹிருக்குத் தொழில் பேண்டேஜ் துணி வியாபாரம். சத்திரப்பட்டித் தறிகளிலிருந்து எடுத்துச் சிப்பமாகக் கட்டி அனுப்புகிறவர். அதனால் அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் பேண்டேஜ் துணிதான் மருந்து. குக்கர் கைப்பிடி ஆடினால் பேண்டேஜ். குழாய் ஒழுகினால் பேண்டேஜ். தலைவலித்தாலும் பேண்டேஜ். நூர்னிசா ஒரு சுருளை எடுத்து வந்து, அந்தக் குழாய்க்குள் விளக்குமாற்றுக் குச்சியால் குத்திக் குத்தி அடைத்தாள். மறுநாள் அந்த இடம் உலர்ந்து கிடந்தது. யாரிடமும் அவள் சொல்லவில்லை. ஒழுகுகிற குழாயில் துணி அடைத்ததை ஊர் கூட்டியா சொல்வார்கள்? பிறகு அதை அவளே மறந்துபோனாள்.

கொஞ்ச நாளில் காரின் முன்பக்கமிருந்து ஒழுக ஆரம்பித்தது. இது சொட்டு இல்லை, கோடு.

பால்சாமி வந்து குனிந்து பார்த்து, நாக்கை 'த்சு' என்று கொட்டினான். அடக்கம் என்பது அவன் பிறந்த வீட்டுப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. "மாமா, எஞ்சினுக்கு முன்னால டைமிங் கவர்னு ஒண்ணு இருக்கு. சுத்துற தண்டு அது வழியா வெளிய வருது. அந்த ஓட்டைய ஆயில் சீல்தான் மோதிரம் மாதிரி கவ்விக்கிட்டு இருக்கும். அது போயிருச்சு. நான் மாட்டினேன்னா பொறவு உம்ம பேரன் காலத்துக்கும் ஒழுகாது."

பேரன் காலம் ரம்ஜானுக்கு முன்பே முடிந்துவிட்டது. மறுபடி ஒழுகியது. அந்தத் தடவை தப்பு அவனுடையதுதான். தண்டின் நுனியில் மாட்டும் புல்லி என்ற சக்கரத்தை முதலில் சீலுக்குள் நுழைத்து, கவரை நடுமத்தியில் நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகுதான் போல்ட்டை இறுக்க வேண்டும். அவன் அவசரத்தில் போல்ட்டை முதலில் இறுக்கிவிட்டான். இரண்டாவது தடவை முறைப்படி மாட்டினான். அதுவும் ஒழுகியது. "புல்லில கோடு விழுந்துருக்கு" என்றான். புல்லியைக் கடைசல் பட்டறைக்குக் கொடுத்து வழவழப்பாக்கினார்கள். இதற்கிடையில் நூர்னிசாவின் கை, தரையைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்தது.

ஒரு சனிக்கிழமை காலை அவள் பொறுமை பொட்டென்று அறுந்தது. மூன்றாவது சீலோடு பால்சாமி வந்து நின்றான். அவனுக்கு எதிரிலேயே புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"அல்ஃபியா அத்தா, ஒரு முடிவு சொல்லுங்க. இந்த வீட்டுல நான் இருக்கணுமா, இந்தத் தகரம் இருக்கணுமா?"

"என்ன பேச்சு இது, நூரு?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபத்துக்காரச் சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி எம்புட்டு நாளாக் கேக்காக? அவியளுக்குக் குடுத்துத் தொலைங்க!"

அபுதாஹிர் காரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பால்சாமி பக்கம் திரும்பினார். "சரி. மாப்ள, நீதான் சாட்சி. இன்னைக்கு இந்த சீல மாட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போவோம். போற வழியில ஒரு சொட்டு விழுந்தா, சங்கிலிப்பாண்டி கையில சாவியக் குடுத்துட்டு பஸ்ஸுல வாரேன். போதுமா?"

"பஸ்ஸுலதான் நானும் வந்தேன். அதுல ஒண்ணும் கேவலம் இல்ல" என்றாள் நூர்னிசா. பால்சாமி சிரிப்பை அடக்க இருமினான்.

வேலை ஆரம்பித்தது. தண்ணீரை வடித்து, ரேடியேட்டரைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார்கள். பெல்ட்டை உருவினார்கள். புல்லியைப் பிடித்திருக்கும் பெரிய நட்டு மட்டும் அசைய மறுத்தது. நட்டைத் திருப்பினால் எஞ்சினும் சேர்ந்து சுற்றியது.

"அக்கா, செத்த நேரம் வண்டியில ஏறி பிரேக்க மிதிங்க. டாப் கியர்ல போட்டிருக்கேன். நீங்க மிதிச்சாத்தான் எஞ்சின் சுத்தாம நிக்கும்."

"அடுப்புல உலை கிடக்குடா!"

"உலைய எறக்கிட்டு வாங்க. மாமாவ மிதிக்கச் சொன்னா அவரு கண்ண மூடி அழுதுருவாரு."

எரிச்சலோடு போய் ஏறினாள். கல்யாணத்தன்று ஏறியதும் இதே காரில்தான், இன்றைக்கு வீட்டை விட்டு இது போக வேண்டும் என்று மிதிப்பதும் இதே காரில்தான். விதியின் விளையாட்டைப் பாருங்கள்! பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.

"விட்றாதீங்க அக்கா!"

"மிதிச்சிக்கிட்டுத்தானே இருக்கேன்!"

"இன்னும், மாமா மேல இருக்குற கோவத்த நெனச்சிக்கிட்டு மிதிங்க!"

'டக்' என்று நட்டு விட்டுக்கொடுத்தது. "பாத்தீங்களா, அம்புட்டுக் கோவம் இருந்திருக்கு" என்றான் பால்சாமி. அபுதாஹிர் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

அதற்குப் பிறகு பால்சாமி வேலையில் மூழ்கினான். கவரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினான். பழைய சீலை நெம்பி எடுத்தான். புதியதை மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் மெதுவாகத் தட்டி இறக்கினான். அதன் உதட்டில் விரலால் ஆயில் தடவினான். கவரைத் தொளதொளவென்று வைத்து, புல்லியை நுழைத்து, அது தானாக நடுவில் நின்ற பிறகு போல்ட்டுகளை எதிரெதிராக ஒவ்வொன்றாய் இறுக்கினான். நூர்னிசா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிழை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

ஸ்டார்ட் செய்தார்கள். முற்றத்தில் ஒரு சொட்டுகூட விழவில்லை. அபுதாஹிரின் முகத்தில் நிக்காஹ் களை. நூர்னிசாவின் முகம் செத்துப்போயிற்று. ஆயுள் தண்டனைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அல்ஃபியாவுக்கென்று செய்த நெய்ச்சோற்றை டப்பாவில் அடைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். பால்சாமி ஸ்பானர் பையோடு முன்னால் ஏறினான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லைவரை கார் பூ மாதிரி வந்தது. தேர் நிலைக்கு அருகில்தான் வந்தது வினை. ஏதோ முகூர்த்த நாள்; பூக்கூடைக்காரர்கள், பால்கோவா வாங்க நிற்கும் வெளியூர் வேன்கள், ஆட்டோக்கள் என்று தெரு அடைத்துக் கிடந்தது. முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து, எஞ்சின் கொதிக்கக் கொதிக்க, கார் மண்டபத்து வாசலில் வந்து நின்றது. பானெட்டுக்குள்ளிருந்து புகை வந்தது. அபுதாஹிர் இறங்கிக் குனிந்தார். ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. அப்புறம் எண்ணவே வேண்டாம், கோடு.

அபுதாஹிர் அப்படியே குந்திவிட்டார்.

மண்டபத்துச் சொந்தக்காரர் சங்கிலிப்பாண்டி வெள்ளை வேட்டி சரசரக்க வெளியே வந்தார். "வாங்க பாய், வாங்க தங்கச்சி. ஒழுகுதா? ஒழுகட்டும். எனக்கு எஞ்சின் எதுக்கு? அதக் கழட்டி எடைக்குப் போட்டுட்டு, பானெட்டத் தொறந்துவெச்சு, உள்ள மண்ணப் போட்டு ரோசாச் செடி வைக்கப் போறேன். பொண்ணும் மாப்பிள்ளையும் பக்கத்துல நின்னு செல்பி எடுக்கட்டும்."

தேய்ந்துபோன பூட்டிலிருந்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அபுதாஹிர் சாவியை உருவினார். மண்டபத்து வரவேற்பு மேசையில், சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வாக்குக் கொடுத்த மனுஷர். ஆனால் அந்த வலியை அவரால் விழுங்க முடியவில்லை. திரும்பிப் பால்சாமி மேல் பாய்ந்தார்.

"மூணு தடவடா! மூணு தடவ! நீ மெக்கானிக்கா, கொத்தனாரா? இந்த வண்டியக் கொன்னது நீதான். இனிமே என் வாசப்பக்கம் வராத!"

தெருவே திரும்பிப் பார்த்தது. எந்த நேரமும் வாய் ஓயாத பால்சாமி பையை விரித்தான். ஸ்பானர்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டான். ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவன் எழவில்லை.

"உங்க கண்ணு முன்னாடிதான மாமா மாட்டினேன்" என்றான் தரையைப் பார்த்து. "இதுக்கு மேல ஒருத்தன் எப்பிடி மாட்டுவான்?"

நூர்னிசா பால்சாமியைப் பார்த்தாள். முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, யாரும் நெருங்காத நாளில் இவள் வாசலுக்கு வந்து நின்றவனை, 'வாசப்பக்கம் வராத' என்கிறாரே இந்த மனுஷர்!

அந்த நேரம் எஞ்சினுக்குள்ளிருந்து 'பொக்' என்று ஒரு சத்தம். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் கம்பி, தன் ஓட்டையிலிருந்து தானாகத் துள்ளி வெளியே விழுந்தது.

பால்சாமி சட்டென்று நிமிர்ந்தான். கம்பியை எடுத்தான், பார்த்தான், ஓட்டையில் கையை வைத்தான். "மாமா, வண்டிய ஆஃப் பண்ணுங்க. சீல்ல குத்தமில்ல. உள்ள மூச்சு முட்டுது. காத்து வெளிய போக வழியில்லாம ஆயில முட்டித் தள்ளுது. எந்த சீலு மாட்டினாலும் பிச்சிக்கிட்டுத்தான் வரும்."

"எஞ்சினுக்கு ஏதுடா மூச்சு?"

"ஏன் இல்ல? மேல இருக்குற வழி உங்க அத்தா காலத்துலயே மூடியாச்சு. மிச்சம் இருக்குறது ஒண்ணே ஒண்ணு. பக்கத்துல கீழ பாத்து எறங்குமே ஒரு குழாய், அதுதான். ஆனா அது எப்பிடி அடைபடும்? எப்பவும் ஆயில் கசியுற குழாயாச்சே..."

நூர்னிசாவின் கையிலிருந்த நெய்ச்சோற்று டப்பா கனத்தது. விளக்குமாற்றுக் குச்சி கண்முன் வந்து நின்றது.

அவள் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. சாவி மேசையில் இருக்கிறது. வெள்ளை முற்றம் இனிக் கடைசிவரை வெள்ளைதான். ஃபரீதா வந்து உட்கார்ந்து, எழுந்து போகும்போது பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டாள். பால்சாமி இன்றைக்கு அழுவான், நாளைக்கு வேறு கார் பார்ப்பான். பேசாமல் நின்றால் போதும். அவள் பேசாமல் நின்றும் பார்த்தாள்.

பால்சாமி பையின் வாயைக் கட்டினான். கண்ணைப் புறங்கையால் துடைத்தான். கன்னத்தில் கறுப்பாக ஒரு இழுப்பு.

"அட, அந்தப் பையக் கீழ வைடா!" என்று கத்தினாள் நூர்னிசா. "அந்தக் குழாய்க்குள்ள துணி இருக்கு. நான்தான் அடைச்சேன். பேண்டேஜ் துணி. போதுமா?"



"நீயா?" என்றார் அபுதாஹிர்.

"பின்ன, சங்கிலிப்பாண்டி அண்ணாச்சியா வந்து அடைப்பாக? ஃபரீதா துப்பட்டியில கறை பட்டுச்சு. ஒழுகுச்சு, அடைச்சேன். நம்ம வீட்டுல ஒழுகுறதுக்கெல்லாம் வேற என்ன செய்யுதோம்?"

பால்சாமி ஏற்கனவே காருக்கு அடியில் படுத்துவிட்டான். குறடால் பிடித்து இழுத்தான். கறுத்துச் சொதசொதத்த துணியின் நுனி வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. பூக்காரிகள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"அக்கா, ஒரு ஆஸ்பத்திரிக்கே போதுமே!" என்று அடியிலிருந்து குரல் வந்தது. அவன் வாய் திரும்பிவிட்டது.

கடைசி முழம் உருவியதும் குழாய் 'புஸ்' என்று நீளமாகப் பெருமூச்சு விட்டது. ஆற வைத்து, ஆயில் ஊற்றி, சாவி இல்லாமலே அந்தத் தேய்ந்த பூட்டை ஸ்குரூடிரைவரால் திருப்பி மறுபடி ஸ்டார்ட் செய்தார்கள். டிப் ஸ்டிக் அசையவில்லை. முன்பக்கத்துக் கோடு மெலிந்து, சொட்டாகி, நின்றது. சீல் பொறுப்பாகத் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது.

அபுதாஹிர் பால்சாமியைப் பார்க்க முடியாமல் மனைவி பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா? மூணு சீலு..."

அவ்வளவுதான். இத்தனை வருஷமாக அவளுக்குள் அடைத்துக் கிடந்தது, தேர்வீதியில் வைத்து உடைந்தது.

"நான் சொல்லியிருக்கணுமா? நீங்க ஒருநாள் குனிஞ்சு தரையப் பாத்தீங்களா? எஞ்சினப் பாத்தீங்க, புல்லியப் பாத்தீங்க, சீலப் பாத்தீங்க. சொட்டு எங்க விழுது, அத யாரு துடைக்கான்னு பாத்தீங்களா? கிருஷ்ணன்கோவில்ல பானெட்டுக்குள்ள விட்ட தலைய இன்னும் வெளிய எடுக்கல நீங்க! என் கையப் பாருங்க!"

நீட்டினாள். தோல் உரிந்து, ரேகைகளில் கறுப்பு ஏறிய கை. அபுதாஹிர் பார்த்தார். முதல் தடவையாகப் பார்க்கிறவர்போல, வெகுநேரம் பார்த்தார்.

"சொட்டு விழுந்தது விழுந்ததுதான்" என்றார் மெதுவாக. "வாக்குக் குடுத்தாச்சு. சாவி அங்கேயே இருக்கட்டும், நூரு. உன் முற்றம் உனக்கு."

சாவியை எடுக்கச் சங்கிலிப்பாண்டி மகிழ்ச்சியோடு சந்தனக் கிண்ணத்தை நகர்த்தினார். நூர்னிசா முந்திக்கொண்டாள். சாவியை எடுத்து முந்தானையில் முடிந்தாள்.

"ரோசாச் செடிக்கு வேற தொட்டி பாருங்க அண்ணாச்சி. இவுக உசுரக் காப்பாத்துன வண்டி அது. எடைக்குப் போட விட மாட்டேன்." புருஷன் பக்கம் திரும்பினாள். "சந்தோசப்படாதீங்க. ரெண்டு விஷயம். இப்பவே பால்சாமித் தம்பிய நம்ம வாசலுக்கு வரச் சொல்லிக் கூப்பிடுங்க. இன்னொண்ணு, இனி முற்றத்தக் கழுவுறது நீங்க."

"மாப்ள..." என்று ஆரம்பித்தார் அபுதாஹிர்.

"வாரேன் மாமா, வாரேன். நான் வராட்டா உமக்கு ஆரு இருக்கா?" என்றான் பால்சாமி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நெய்ச்சோற்று டப்பாவைப் பார்த்தான். அல்ஃபியாவுக்குப் போக வேண்டியதில் பாதி அந்த இடத்திலேயே தீர்ந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை. சீல் ஒழுகவில்லை. ஆனால் பக்கவாட்டுக் குழாய், அதன் பிறவிக் குணப்படி, வெள்ளைக் கல்லில் கனமாக ஒன்றைச் சொட்டி வைத்திருந்தது. அசருக்குப் பெண்கள் வருவதற்குள் கழுவியாக வேண்டும். அபுதாஹிர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேங்காய் நாரும் சோப்புத் தூளுமாக முழங்காலில் இருந்தார். நூர்னிசா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ஓரத்த விட்டுட்டீங்க."

"தேய்ச்சாச்சும்மா."

"தேய்ச்சா இப்பிடியா இருக்கும்? அழுத்துங்க."

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். வேர்த்து ஊற்றியது. காரை முறைத்தார். ஐம்பது வருஷப் பாசத்தில் அவர் அதை முறைத்தது அதுதான் முதல் தடவை. ஓதும் பெண்களின் பேச்சுச் சத்தம் தெருமுனையில் கேட்டது. குழாய் நுனியில் அடுத்த சொட்டு மெல்லக் கனத்துக்கொண்டிருந்தது.

அபுதாஹிர் வலமும் இடமும் பார்த்தார். ஓரத்தில் கிடந்த பேண்டேஜ் சிப்பத்திலிருந்து ஒரு முழம் துணியைக் கிழித்தார். சுருட்டினார். குழாய்ப் பக்கம் குனிந்தார்.

"அல்ஃபியா அத்தா!" முற்றம் அதிர்ந்தது. "அந்தத் துணியக் கீழ வைங்க!"